ரெட்டினா ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தாச்சு, குப்புறப் படுக்கத்தான் மாட்டேன் என்கிறார்

தக்கலை_ரப்பர்மரம் | பிப்ரவரி 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் விடியற்காலை, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும்போது வலது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி மின்னியிருக்கிறது. லைட்டில்தான் கோளாறு என்று பேட்டரியை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அப்புறம் கண்ணுக்குள் கொசு பறப்பது போல் கறுப்புப் புள்ளிகள். அதையும் வீட்டில் சொல்லவில்லை. மூக்குப் பக்கம் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறி வந்து, எதிரே நிற்கும் ஆள் முகமே தெரியாமல் போன பிறகுதான் வாய் திறந்தார்.

நெல்லையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இந்த மாதம் 5ஆம் தேதி ஆபரேஷன் ஆனது. ரெட்டினா, அதாவது விழித்திரை, நடுப்பகுதி வரை கழன்றுவிட்டதாம். கண்ணுக்குள் கேஸ் (வாயு) அடைத்திருக்கிறார்கள். 7 நாள் குப்புறப் படுக்க வேண்டும், மல்லாக்கப் படுக்கவே கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. இவரோ அரை மணி நேரத்துக்கு மேல் படுப்பதில்லை. கழுத்து ஒடிகிறது என்கிறார். பக்கத்து வீட்டு மாமாவுக்கு இதே ஆபரேஷன்தான், அவரை ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றார்களாம். "அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா" என்று வீட்டில் தினமும் சண்டை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கண்ணில் கையை ஆட்டினால் மட்டும்தான் தெரிகிறது. ஆபரேஷன் சரியாக அமையவில்லையோ? இப்போது இலை உதிரும் காலம், வெட்டு இல்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் திரும்ப எப்போது வேலைக்குப் போகலாம் என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். பட்டவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்_கொத்தன் | பிப்ரவரி 9, இரவு 10.15

தம்பி, பயப்படாதே. போன வருஷம் எனக்கு இடது கண்ணில் இதே ஆபரேஷன்தான், இதே மாதிரி கேஸ் அடைத்தார்கள். முதல் வாரம் எனக்கும் கையசைவு மட்டும்தான் தெரிந்தது. கண் முழுக்கக் காற்று இருந்தால் எப்படித் தெரியும்? தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்த மாதிரிதான் இருக்கும்.

ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தால் மேலே கொஞ்சம் தெளியும். குறுக்கே ஒரு கோடு தெரியும். தலையைச் சாய்த்தால் கோடும் ஆடி ஆடி மட்டத்துக்கு வந்து நிற்கும். என் தொழில் அப்படி, பார்த்ததும் "அட, இது ரசமட்டம்!" என்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி மூளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று அழுதுவிட்டாள். அந்தக் கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். கடைசியில் கீழே உருண்டையாக ஒரு குமிழி மட்டும் உருளும். சில சமயம் அது இரண்டு மூன்றாக உடைந்தும் தெரியும். அதுவும் போய்விடும்.

குப்புறப் படுக்க ஒரு வழி சொல்கிறேன். கட்டிலில் படுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முகம் தரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் தலையணை போட்டு, அதன்மேல் பழைய வேட்டியைச் சும்மாடு மாதிரி சுற்றி வை. நெற்றி சும்மாட்டின் மேல், மூக்கும் வாயும் ஓட்டைக்குள். ஆபரேஷன் ஆன கண் எதிலும் அழுந்தக் கூடாது, அதை மட்டும் நீ பக்கத்தில் நின்று பார். முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வை, இல்லாவிட்டால் சுண்டுவிரல் மரத்துப் போகும். எனக்குப் போயிற்று. காலை அடிக்கடி நீட்டி மடக்கச் சொல். போனைத் தரையில் வைத்துப் படம் ஓட விடு. நான் அந்த ஒரு வாரத்தில் பார்த்த படங்களை அதற்கு முன் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை.

மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் எழுந்து சாப்பிட, சொட்டு மருந்து போட, கக்கூஸ் போக எனக்கு அனுமதி இருந்தது. உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

கண்ணாடிக்கடை_அக்கா | பிப்ரவரி 9, இரவு 11.05

நான் மார்த்தாண்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் பார்த்துக் கண்ணாடி கொடுப்பவள். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா" என்ற கேள்வி வாரம் ஒரு தடவையாவது என் கடைக்கு வந்துவிடுகிறது.

ஆமாம், ஆளுக்கு ஒரு சட்டம்தான். விழித்திரையில் கிழிசல் விழுந்து, அதன் வழியாக நீர் பின்னால் புகுந்து, சுவரிலிருந்து காகிதம் உரிவது போல உரிகிறது. ஆபரேஷனில் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, விழித்திரையைப் பழைய இடத்தில் படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போடுகிறார்கள். அந்த லேசர் வடு இறுகிப் பிடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பலகையை ஒட்டினால் பசை காயும் வரை தச்சர் இறுக்கிக் கட்டி வைப்பார் இல்லையா, அந்த வேலையைத்தான் கேஸ் செய்கிறது. காற்று எப்போதும் மேலே போகும். அதனால் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமோ அந்த இடம் மேலே வரும்படி தலை இருக்க வேண்டும். கண்ணின் பின்சுவர், அதாவது நடுப்பகுதி, மேலே வர வேண்டுமென்றால் முகம் கீழே. பக்கவாட்டில் கிழிசல் என்றால் ஒருக்களித்து. உச்சியில் கிழிசல் மட்டும் என்றால் சிலரை நிமிர்ந்து உட்காரவே சொல்வார்கள். பக்கத்து வீட்டு மாமாவின் கிழிசல் வேறு இடம், உங்கள் அப்பாவின் கிழிசல் வேறு இடம். இதை அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள், சண்டை பாதி குறையும்.

மல்லாக்கப் படுத்தால் காற்று முன்னால் வந்து லென்ஸில் முட்டும். புரை சீக்கிரம் வரும், கண் பிரஷரும் ஏறலாம். தூக்கத்தில் புரளாமல் இருக்க பனியன் முதுகில் ஒரு துண்டை உருட்டிப் பின் குத்தி விடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கேஸ் பெயர் எழுதியிருப்பார்கள், அதைப் படம் எடுத்து போனில் வையுங்கள். வெறும் காற்று என்றால் ஒரு வாரத்தில் போய்விடும். எஸ்எஃப்6 என்றால் இரண்டு வாரம் போல. சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். கண்ணில் கேஸ் இருக்கிறது என்று காட்டும் பட்டையைக் கையில் கட்டி விட்டிருந்தால் அதை அறுக்காதீர்கள். கேஸ் இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கக் கூடாது. கேஸ் பெருத்து, பார்வையே போய்விடும். பல் டாக்டரிடம் போனால்கூடச் சொல்ல வேண்டும்.

தக்கலை_ரப்பர்மரம் | பிப்ரவரி 10, காலை 6.20

சி3எஃப்8 என்றுதான் இருக்கிறது. மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணே. சும்மாடு தயார். அம்மா சந்தைக்குப் போகும்போது தலையில் வைக்கும் பழைய சும்மாடே பரணில் கிடந்தது. துவைத்து வெயிலில் போட்டிருக்கிறோம்.

மூலிகை_வாசம் | பிப்ரவரி 10, காலை 9.00

ஆபரேஷன் சூடு தணிய, தாய்ப்பால் இரண்டு சொட்டு விடுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறும் நல்லது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்வது.

கண்ணாடிக்கடை_அக்கா | பிப்ரவரி 10, காலை 9.12

தயவு செய்து வேண்டாம். மூன்று நாலு துளை போட்ட கண் அது. டாக்டர் எழுதிய சொட்டைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. கிருமி போனால் ஓரிரு நாளில் கண் போய்விடும். பாட்டி காலத்தில் விழித்திரை ஆபரேஷன் செய்துவிட்டா பூச்சாறு விட்டார்கள்?

மூலிகை_வாசம் | பிப்ரவரி 10, காலை 9.30

சொன்னது தப்பென்றால் விடுங்கள். மீன், முட்டை ஒரு மாதம் தொடக் கூடாது என்பதாவது சரிதானே?

கருங்கல்_கொத்தன் | பிப்ரவரி 10, காலை 9.41

நம்ம ஊரில் ஒரு மாதம் மீன் இல்லாமல் இருக்கச் சொன்னால் கண்ணுக்கு முன்னால் ஆள் போய்விடுவான். டாக்டரிடமே கேட்டேன், எல்லாம் சாப்பிடு என்றார். எனக்கு மலச்சிக்கல்தான் பெரிய தொல்லை, படுத்தே கிடந்ததால். முக்கக் கூடாது என்பார்கள். ராத்திரி இரண்டு பாளையங்கோட்டான் பழம், நிறையத் தண்ணீர். சர்க்கரை இருந்தால் பழத்துக்குப் பதில் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

குளச்சல்_அமீரகம் | பிப்ரவரி 10, மாலை 4.50

நானும் சி3எஃப்8 கோஷ்டிதான். லீவுக்கு வந்த இடத்தில் விழித்திரை விலகி, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். பதினெட்டாம் நாள் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தேன். கண்ணில் பாதிதான் கேஸ், கோடும் கீழே இறங்கிவிட்டது, போனால் என்ன என்று நினைத்தேன். டாக்டர் கேட்ட கேள்வி இதுதான்: "சிப்ஸ் பாக்கெட்டை பிளைட்டில் பார்த்திருக்கிறீர்களா?" பார்த்திருக்கிறேன், பூரிபோல் உப்பி நிற்கும். கண்ணுக்குள் இருக்கும் கேஸும் அப்படித்தான் உப்புமாம். கண் உப்ப முடியாதே, பிரஷர் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடும். வலி தாங்க முடியாது, பிளைட்டை இறக்கவும் முடியாது.

கம்பெனிக்குக் கடிதம் வாங்கி அனுப்பினேன். டிக்கெட் பணம் போயிற்று, கண் இருக்கிறது. கடைசிக் குமிழியும் போய்விட்டது என்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விமானம் ஏறினேன். நாமே முடிவு செய்யக் கூடாது.

தக்கலை_ரப்பர்மரம் | பிப்ரவரி 10, மாலை 5.30

அண்ணே, நாங்கள் செக்கப்புக்கு ஆரல்வாய்மொழி வழியாக நெல்லை போக வேண்டும். கணவாய் ஏறி இறங்கலாமா?

கண்ணாடிக்கடை_அக்கா | பிப்ரவரி 10, மாலை 5.44

அது மலைக்கு நடுவே இருக்கிற இடைவெளிதானே, உயரம் ஒன்றும் கிடையாது. தாராளமாகப் போகலாம். கொடைக்கானல், மூணாறு போன்ற இடங்கள்தான் கேஸ் தீரும் வரை ஆகாது. ஆரல்வாய்மொழியில் காற்றும் தூசியும்தான் தொல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் போங்கள். வண்டியிலும் தலை குனிந்தபடியே.

எண்ணெய்க்_கண் | பிப்ரவரி 11, இரவு 8.30

கேஸ்காரர்கள் பாக்கியசாலிகள், அது தானே கரைந்து போகும். எனக்குச் சிலிக்கான் எண்ணெய் அடைத்தார்கள். என் கதை மற்றவர்களுக்காவது உதவட்டும்.

எண்ணெய் அடைத்த கண்ணோடு பிளைட்டில் போகலாம், மலை ஏறலாம், அந்த வசதி உண்டு. ஆனால் அது கரையாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்க வேண்டும், டாக்டர் நாள் சொல்வார். எனக்கும் சொன்னார். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓரளவு பார்வையும் இருந்தது. ஒரு மாதம் மகள் கல்யாணம், அடுத்த மாதம் வீடு பூச்சு, அதற்கடுத்து மழை. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் மேற்பக்கம் வெள்ளையாகப் பதநீர் நுரை மாதிரி ஒரு கோடு. எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து முன்னால் வந்துவிட்டதாம். அது நீர் வடியும் வழியை அடைத்து, பிரஷர் ஏறி, கண் நரம்பு பாதி பட்டுப் போயிருக்கிறது. வலி இல்லாமலே. இப்போது எண்ணெயை எடுத்துவிட்டார்கள். விழித்திரை நன்றாக ஒட்டித்தான் இருக்கிறது. போன நரம்பு போனதுதான். யாரையும் குறை சொல்ல முடியாது, தேதி என் சீட்டிலேயே எழுதியிருந்தது.

காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எண்ணெய் எடுக்கும் இரண்டாவது ஆபரேஷனும் அதில் வருமா என்று முதல் ஆபரேஷன் அன்றே கவுண்டரில் கேட்டு வையுங்கள். நான் தள்ளிப்போட்டதற்குப் பணமும் ஒரு காரணம்.

ஓய்வு_வாத்தியார்_வடசேரி | பிப்ரவரி 11, இரவு 9.20

மேலே எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஒரு சின்ன வரலாறு. நூறு வருஷத்துக்கு முன் விழித்திரை விலகினால் நோயாளியை மாதக்கணக்கில் அசையாமல் படுக்கையில் போடுவதைத் தவிர பெரிதாக வழி கிடையாது. கிழிசலை அடைத்தால்தான் விழித்திரை ஒட்டும் என்று நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் ழூல் கோனின். உலகம் அவரை நம்பவே பல வருஷம் ஆனது. 1935இல் இறந்தார். ஆக, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், ஏழு நாள் என்பது சலுகை.

கருங்கல்_கொத்தன் | பிப்ரவரி 11, இரவு 9.26

சார் வகுப்பு எடுக்காமல் போக மாட்டார் என்று தெரியும் :)

தக்கலை_ரப்பர்மரம் | பிப்ரவரி 14, இரவு 8.10

ஒரு வார செக்கப் முடிந்தது. ஏழு நாளும் சும்மாட்டில் ஓட்டிவிட்டார். ஐந்தாம் நாள் நெற்றியில் வட்டமாகத் தழும்பு, பேரன் "தாத்தாவுக்கு சீல் வச்சாச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். விழித்திரை நன்றாகப் படிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

ஆனால் கண் பிரஷர் 28. சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டுமாம். தைமோலால் சொட்டு புதிதாக எழுதினார். ஆஸ்துமா உண்டா என்று கேட்டார், இல்லை என்றோம். இது பயப்பட வேண்டிய விஷயமா?

கண்ணாடிக்கடை_அக்கா | பிப்ரவரி 14, இரவு 9.00

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் ஏறும், சொட்டிலேயே இறங்கிவிடும். ஆஸ்துமா கேட்டது ரொம்பச் சரி, அந்த மருந்து இழுப்புள்ளவர்களுக்கு ஆகாது. கேஸால் ஏறலாம், ஸ்டீராய்டு சொட்டாலும் ஏறலாம். அந்தச் சொட்டை இந்த வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து வேளை என்று படிப்படியாகக் குறைக்க எழுதியிருப்பார்கள். நாளாக நாளாகச் சிவப்பு போய்விடும், உடனே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தக் கூடாது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, "போட்டால் சுகமாக இருக்கிறது" என்று முடிந்த பிறகும் மெடிக்கலில் அதே பாட்டிலை வாங்கி மாதக்கணக்கில் விடுவார்கள். அது அதைவிட மோசம். பிரஷர் ஏறுவது வெளியே தெரியாது.

போடும் முறையும் முக்கியம். ஸ்டீராய்டு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடியில் மாவு மாதிரி தங்கியிருந்தால் மருந்தே அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடுங்கள். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து ஒரு சொட்டு. மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிஷம் லேசாக அழுத்தினால் தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி. உடனே போட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும்.

குளிப்பது பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தலைக்கு ஊற்றுவதை டாக்டர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். ஆறு, குளம், திற்பரப்பு அருவி எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பெல்ட்_போட்டவள் | பிப்ரவரி 15, மதியம் 1.15

எனக்குக் கேஸும் இல்லை எண்ணெயும் இல்லை, கண்ணைச் சுற்றி வெளியே சிலிக்கான் பெல்ட். வயது 27. குப்புறப் படுக்கச் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு மாதம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. பெல்ட் இறுக்கியதில் கண் கொஞ்சம் நீண்டு மைனஸ் பவர் கூடிவிட்டது. அவசரப்பட்டு மூன்றாம் வாரமே கண்ணாடி போட்டு 2,400 ரூபாய் தண்டம். பவர் மாறிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கடை_அக்கா | பிப்ரவரி 15, மதியம் 1.40

என் கடைக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன்: டாக்டர் சொல்லும் வரை கண்ணாடி மாற்றாதீர்கள். எண்ணெய் உள்ள கண்ணுக்கு எடுத்த பிறகு பவர் தலைகீழாக மாறும்.

தக்கலை_ரப்பர்மரம் | மார்ச் 8, இரவு 10.00

அண்ணே, ரசமட்டம் வந்துவிட்டது! கோடு பாதிக்கும் கீழே. மேல் பாதியில் தென்னை ஓலை எல்லாம் தெரிகிறதாம். பிரஷர் 16.

ஆனால் கட்டஞ்சாயாவை கிளாஸுக்கு வெளியே ஊற்றுகிறார். படி இறங்கும்போது கால் தடுமாறுகிறது. நேற்று பைக்கை எடுக்கப் போனார், சாவியை ஒளித்து வைத்துவிட்டேன்.

கருங்கல்_கொத்தன் | மார்ச் 8, இரவு 10.20

ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் பிடிபடாது, மக்களே. சாவி அங்கேயே இருக்கட்டும். கிளாஸ் விளிம்பில் பாத்திர மூக்கைத் தொட வைத்து ஊற்றச் சொல். நான் ரெண்டு மாசம் சாரம் ஏறவில்லை.

ஒன்று மட்டும் கவனி. முதல் இரண்டு மூன்று மாதம்தான் திரும்பக் கழலக்கூடிய காலம். உள்ளே தழும்புத் திசு வளர்ந்து இழுக்குமாம். என் கூட ஆபரேஷன் செய்த ஒருவருக்கு ஆறாவது வாரம் திரை திரும்ப வந்தது. மறுநாளே ஓடினார், மறுபடி ஆபரேஷன், இன்று நன்றாக இருக்கிறார். திரை, புதுசாக மின்னல், பார்வை சட்டென்று மங்குவது, குமட்டலோடு வலி, பீளை. இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதியைப் பார்க்காதே, அன்றைக்கே வண்டி ஏறு.

தக்கலை_ரப்பர்மரம் | ஏப்ரல் 6, இரவு 9.15

இரண்டு மாத செக்கப். குமிழி போன வாரமே கடுகளவாகி மறைந்துவிட்டது. இன்று கைப்பட்டையை நர்ஸ் அறுத்தார், அப்பா அதை பர்ஸில் வைத்துக்கொண்டார். பார்வை 6/24, அதாவது நல்ல கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். நடுப்பகுதி கழன்றிருந்ததால் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வருஷம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம் என்றார். வாசல் நிலை வளைந்து தெரிகிறதாம். "ஆசாரி சரியாகத்தானே வைத்தான்" என்று தடவிப் பார்க்கிறார். புரை வளர ஆரம்பித்திருக்கிறது. கூழ் எடுத்த கண்ணில் இந்த வயதில் அநேகமாக வரும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இடது கண்ணின் ஓரத்திலும் ஒரு மெலிந்த இடம். அதைச் சுற்றி லேசர் போட்டார்கள், கால் மணி நேர வேலை. எனக்கும் மைனஸ் 6 பவர். கூடப் போன என்னையும் உட்கார வைத்து மருந்து விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வருஷம் ஒரு தடவை வா என்றார்.

வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், பால் வாளியை மட்டும் ஒரு மாதம் வேறு ஆள் சுமக்க வேண்டும். வரும் வழியிலேயே கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டார். முதல் சில நாள் வெளிச்சம் வந்த பிறகு வெட்டுவது என்று பேச்சு. நானும் கூடப் போகிறேன்.

கருங்கல்_கொத்தன் | ஏப்ரல் 6, இரவு 9.32

பாலும் ரப்பர் ஷீட் அடிக்கிற ஆசிடும் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுப் போகச் சொல், தம்பி. சும்மாட்டைப் பரணில் போடாதே. இங்கே பக்கத்தில் ஒருவருக்கு நாளை மறுநாள் ஆபரேஷன், ஆள் அனுப்புகிறேன்.